மேலாகப் பார்த்து விலை பேசலாமா?



மூட்டையின் வாயை அவிழ்த்து, மேலே கிடப்பதை மட்டும் பார்த்து விலை சொல்கிறவன் வற்றல் மண்டியில் ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான். மேலே நல்ல சிவப்பாக, காம்போடு, ஒரே சீராக இருக்கும். நடுவில் கையை விட்டு அள்ளினால்தான் சோடையும் ஈரமும் உடைசலும் தெரியும். இதை எனக்குப் பதினெட்டு வயதில் என் தகப்பனார் கற்றுக்கொடுத்தார். நாற்பத்தைந்து வருடமாக அப்படித்தான் சரக்கு வாங்கி வருகிறேன். அப்படிப்பட்டவன் 2024ஆம் வருடம் ஐப்பசி மாதத்தில், செல்போனில் மேலாகத் தெரிந்ததை நம்பி 18,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நம் உறுப்பினர்களில் பலர் என் வயதுக்காரர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் இப்போது எல்லோரும் செல்போனைத்தான் பார்க்கிறோம். ஆகவே சொல்லிவிடுவது நல்லது.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆறு வாரத்துக்கு இரவும் பகலும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்கவும் நடக்கப் பழக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன் அங்கிருந்தபடியே அரை மணி நேரத்தில் ஒரு ஹோம் நர்ஸ் ஏஜென்சியைக் கண்டுபிடித்துவிட்டான். ஐந்துக்கு 4.9 நட்சத்திரம். 312 பேர் கருத்து எழுதியிருந்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. “தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே தம்பி” என்றேன். “முந்நூறு பேரும் பொய் சொல்வார்களா அப்பா?” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டெபாசிட்டும் முன்பணமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் அனுப்பினோம்.

வந்த பெண் நல்ல பெண்தான். ஆனால் போன வாரம்வரை மில்லில் வேலை பார்த்தவள். நோயாளியை எப்படித் தூக்குவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் மனைவியைக் கட்டிலில் உட்கார வைக்கும்போது அவளுக்கே கை நடுங்கியது. மூன்றாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு அழுதபடியே போய்விட்டாள். அவள் பேரில் எனக்கு வருத்தமில்லை. ஏஜென்சிக்குப் போன் செய்தால் முதல் நாள் “நாளைக்கு வேறு ஆள் வரும்” என்றார்கள். இரண்டாம் நாள் “மேனேஜர் இல்லை” என்றார்கள். மூன்றாம் நாளிலிருந்து போனையே எடுக்கவில்லை. டெபாசிட் திரும்பத் தரப்படமாட்டாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். இதே பொடி எழுத்து ஒரு லாரி ஆபீஸ் ரசீதில் இருந்தால் என் கண்ணுக்குத் தப்பியிருக்காது. வீட்டில் நோயாளி இருக்கும்போது மனிதனுக்கு வியாபாரப் புத்தி வேலை செய்வதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள்.

நிற்க. என் தங்கை மகள் வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டியில் வேலை இல்லை. எங்கள் கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து, அந்த 312 கருத்தையும் பேரேட்டைச் சரிபார்க்கிற மாதிரி ஒன்று விடாமல் படித்தோம். அவர் ஒரு நோட்டுப் போட்டு, பெயர், எவ்வளவு நாளைக்கு முன் எழுதியது, என்ன எழுதியிருக்கிறது என்று கோடு போட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். கூகுள் வரைபடத்தில் சரியான தேதி வருவதில்லை. “எட்டு மாதங்களுக்கு முன்” என்பது போலத்தான் வரும். ஆனாலும் புதியதிலிருந்து வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம். முதல் பக்கம் முடிவதற்குள்ளேயே கணக்குப்பிள்ளை, “அண்ணாச்சி, இது வருஷக் கடைசியில் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதின ரொக்கக் குறிப்பு மாதிரி இருக்கு” என்றார். முப்பது வருடம் கணக்கு எழுதிய கைக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

அவர் சொன்னதன் பொருள், வரவு ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது என்பதுதான். இரண்டு வருடமாக நடக்கும் ஏஜென்சி அது. எட்டு மாதத்துக்கு முன்னால் என்ற ஒரே தலைப்பில் 140க்கு மேல் இருந்தன. அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் மொத்தம் ஆறு. பிறகு மறுபடி ஒரு குவியல். உண்மையான வியாபாரம் அப்படி நடக்காது. நம் கடைக்குத் தீபாவளிக்குக் கூட்டம் வரும், ஆடியில் குறையும். ஆனால் ஐந்து மாதம் ஆறு பேர் வந்த கடைக்கு ஆறாம் மாதம் நூற்று நாற்பது பேர் வந்து, வந்தவர் எல்லோரும் நோட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்கள் என்றால் விற்பனை வரி அதிகாரியே சிரிப்பார்.

அடுத்து, எழுதியவர் பெயரைத் தொட்டால் அவர் வேறு எந்தெந்தக் கடைக்கு எழுதியிருக்கிறார் என்பது பெரும்பாலும் தெரியும். சிலர் மறைத்து வைத்திருப்பார்கள். மறைக்காதவர்களில் ஒருவர், மதுரை ஏஜென்சியைப் புகழ்ந்த அதே வாரத்தில் ஜெய்ப்பூரில் பல் டாக்டரிடம் போயிருக்கிறார், கௌஹாத்தியில் பூக்கடைக்குப் போயிருக்கிறார், புனேயில் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். இத்தனை ஊர் சுற்றுகிறவருடைய தாயாரை மதுரையில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை. இப்படி ஒருவர் இருவரல்ல, நாங்கள் தொட்டுப் பார்த்தவர்களில் பாதிக்கு மேல். மீதிப் பேரில் பலர் வாழ்நாளில் எழுதியதே இந்த ஒரு கருத்துத்தான்.

எழுதியிருந்த விஷயமும் அப்படியே. “மதுரையில் சிறந்த ஹோம் நர்சிங் சேவை”, “மதுரையில் மிகச் சிறந்த நோயாளி பராமரிப்புச் சேவை” என்று ஊர்ப் பெயரையும் தொழிற் பெயரையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். ஊர்க்காரன் ஊர்ப் பெயரை இத்தனை முறை சொல்ல மாட்டான். தேடுகிறவர் கண்ணில் முதலில் படட்டும் என்பதற்காகச் செய்கிற வேலை அது. யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன ஆபரேஷன், எத்தனை நாள் ஆள் இருந்தது, இரவில் எழுப்பினால் எழுந்தாளா, சம்பளம் எவ்வளவு, ஒன்றும் கிடையாது. ஏஜென்சி போட்ட பதிலும் எல்லாவற்றுக்கும் ஒரே நன்றி, ஒரே வாக்கியம்.

ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் பதினொரு பேர். அவர்களைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும். ஒருவர் எழுதியிருந்தார்: தகப்பனாருக்குப் பக்கவாதம், 15 நாளுக்குப் பேசினோம், நான்காம் நாள் ஆள் போய்விட்டது, டெபாசிட் வரவில்லை. இன்னொருவர் ரசீதின் பின்பக்கத்தையே படம் பிடித்துப் போட்டிருந்தார். என் கதை அங்கே பதினொரு தடவை எழுதப்பட்டிருந்தது. முந்நூறு பூமாலைக்குக் கீழே அது புதைந்து கிடந்தது, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை அமெரிக்காவில் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2011இல் சிகாகோ நகரத்து 20 ஓட்டல்களை எடுத்துக்கொண்டு, கூலிக்கு ஆள் பிடித்து, கருத்து ஒன்றுக்கு ஒரு டாலர் வீதம் 400 பொய்க் கருத்துகளை எழுதச் செய்தார்கள். 400 உண்மைக் கருத்துகளையும் அவற்றோடு வைத்துப் பார்த்தார்கள். மனிதர்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னபோது, காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடப் பெரிதாகச் சரியாக வரவில்லை. கம்ப்யூட்டர் 100க்கு 90 வரை சரியாகப் பிரித்துவிட்டது. எதை வைத்து என்றால், உண்மையாகத் தங்கியவர் குளியலறை, தளம், அறையின் அளவு, இடம் என்று கண்ணால் கண்டதை எழுதுகிறார். போகாதவர் கணவரோடு வந்தேன், விடுமுறைக்கு வந்தேன், நான், எனக்கு என்று தன்னைப் பற்றியே அதிகம் எழுதுகிறார். பார்க்காத அறையை எப்படி வருணிப்பது? நம் மண்டியிலும் தோட்டத்தைப் பார்க்காத தரகர் வற்றலைப் பற்றிப் பேச மாட்டார், தன் நாணயத்தைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசுவார்.

ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்துவிடவும் கூடாது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது முதல், கேட்டால் கேட்டபடி எழுதித்தரும் கம்ப்யூட்டர்கள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. “இடுப்பு ஆபரேஷன் ஆன தாயாரைப் பற்றி, இரவில் எழுந்து மருந்து கொடுத்ததைப் பற்றி எழுது” என்றால் கண்ணீர் வரும்படி எழுதிவிடும். ஆகவே எழுத்தின் அழகும் விவரமும் இனிமேல் சாட்சி ஆகாது. குவியலாக வந்ததா, எழுதியவரின் பழைய கணக்கு என்ன சொல்கிறது, குறை சொன்னவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொல்கிறார்களா என்று பார்ப்பதுதான் இன்னும் ஓரளவுக்குக் கைகொடுக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுருக்கமாக “நல்ல சர்வீஸ்” என்று எழுதியவர் எல்லோரும் பொய்யர்கள் அல்ல. நம் ஊர் மனிதர்கள் அதிகம் எழுதத் தெரியாதவர்கள். மனநிறைவோடு இருக்கிறவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அதேபோல, வேலையாளின் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருந்தால் அது உண்மை என்றும் முடிவு கட்ட முடியாது. முடிதிருத்தும் கடைகளிலும் அழகு நிலையங்களிலும், “என் பெயரைப் போட்டு எழுதுங்கள் சார், எனக்குக் கணக்கு இருக்கிறது” என்று பையன்கள் நாற்காலியிலேயே செல்போனை நீட்டுகிறார்கள். தலையில் கத்திரி வைத்திருக்கிறவனிடம் மூன்று நட்சத்திரம் என்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்?

இன்னொரு விஷயத்தை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. மிக்ஸி வாங்குகிறோம் என்றால் முந்நூறு பேர் வாங்கிய அதே மிக்ஸி நமக்கும் வருகிறது. ஹோம் நர்ஸ், சமையலுக்கு ஆள், குழந்தைக்கு டியூஷன், வீடு மாற்ற ஆட்கள் என்று மனிதர் வந்து செய்கிற வேலையில் அப்படி இல்லை. நட்சத்திரம் ஆபீசுக்கு, வேலை செய்வது வேறு ஆள். முந்நூறு கருத்தும் சத்தியமாக இருந்தாலும்கூட, அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண் வேலையை விட்டுப் போயிருக்கலாம். சாம்பிள் ஒரு தோட்டத்தினுடையது, லோடு வேறு தோட்டத்தினுடையது. இந்த மாதிரிச் சரக்கை நாம் எடுப்போமா?

வெள்ளைக்காரர் காலத்தில் சமையற்காரர்களும் பட்லர்களும் பழைய துரைமாரிடம் நற்சான்றுச் சீட்டு வாங்கி மடியில் முடிந்து வைத்திருப்பார்கள். அவற்றில் இரவல் சீட்டும் கள்ளச் சீட்டும் உண்டு என்று அந்தக் காலத்தவரே குறைப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் சீட்டுக் கொடுத்த துரை ஊரில் இருந்தால் ஆள் அனுப்பிக் கேட்டுவிடலாம். இப்போது சீட்டுக் கொடுத்தவர் கௌஹாத்தியில் பூ வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது ஏஜென்சி பிடிக்கும்போது நான் நட்சத்திரம் பார்க்கவில்லை. போன் செய்து, “எங்கள் வீட்டுக்கு வரப்போகிற அம்மா யார்? அவர் கடைசியாக வேலை பார்த்த இரண்டு வீட்டு நம்பர் வேண்டும்” என்று கேட்டேன். மூன்று ஏஜென்சிகள் தர மறுத்தன. நான்காவது, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மறுநாள் தந்தது. அந்த இரண்டு வீட்டிலும் நானே பேசினேன். ஒரு வீட்டு அம்மாள், “நன்றாகப் பார்த்துக்கொள்வார், டிவி சத்தமாக வைப்பார்” என்றார். அந்தக் குறையைக் கேட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. முன்பணம் ஒரு வாரத்துக்கு மட்டும், ஆள் பாதியில் போனால் மீதியைத் திரும்பத் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஏழு வாரம் இருந்தார். என் மனைவி இப்போது கைத்தடியோடு கோயிலுக்குப் போய் வருகிறாள். டிவி சத்தம் உண்மைதான்.

நாம் ஏமாறுகிற பக்கம் இதுவரை. ஏமாற்றுகிற பக்கத்திலும் நம்மவர்கள் சேர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையால்தான் இக்கட்டுரையை வீட்டுக் கதையாக விட்டுவிடாமல் நம் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் கடைவீதியில் ஒரு பையன் கடை கடையாக ஏறி இறங்கினான். “நூறு ரிவ்யூ போட்டுத் தருகிறோம் அண்ணாச்சி, ஒரு வாரத்தில் உங்கள் கடை முதலில் வரும்” என்றான். எனக்கு மொத்த வியாபாரம், யார் வரப்போகிறார்கள் என்று அனுப்பிவிட்டேன். சில்லறை வியாபாரிகள் சிலர் வாங்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நம் உறுப்பினர் ஒருவர், அவர் மருமகள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள், என்னிடம் நேராகவே கேட்டார்: “எதிர்க்கடைக்காரன் வாங்கிவிட்டான். நான் வாங்காமல் இருந்தால் என் கடை பத்தாவதாகக் கிடக்கும். தர்மம் பேசினால் வாடகை யார் கொடுப்பது?”

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஹார்வர்டில் மைக்கேல் லூக்கா என்ற பேராசிரியர், சியாட்டில் நகரத்து உணவகங்களின் வருமானத்தை அரசாங்க வருவாய்த் துறைக் கணக்கிலிருந்து எடுத்து, இணைய மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 100க்கு 5 முதல் 9 வரை கூடுகிறது என்று கண்டார். அதுவும் ஊருக்கு ஊர் கிளை வைத்த பெரிய கம்பெனிகளுக்கு அல்ல, தனிக் கடைகளுக்குத்தான் அந்தப் பலன். அதாவது நட்சத்திரம் நம்மைப் போன்ற சிறு கடைக்குத்தான் சோறு போடுகிறது. அது கெட்டுப்போனால் நட்டமும் சிறு கடைக்குத்தான். பெரிய கம்பெனிக்கு விளம்பரம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. புதிதாகக் கடை போட்ட ஒரு பெண்ணுக்கு, வந்து போன வாடிக்கையாளர் சொல்லும் நல்ல வார்த்தையைத் தவிர என்ன இருக்கிறது? எல்லோரும் கலப்படம் செய்துவிட்டால் கலப்படமில்லாத சரக்குக்கும் அதே விலைதான் கிடைக்கும். எண்ணெய் வியாபாரத்தில் இதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

அந்த மருமகளுக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஓர் இரவில் அவள் கடைக்கு எட்டு ஒற்றை நட்சத்திரங்கள் விழுந்தன. எழுதியவர் ஒருவர்கூட அவள் கடைக்கு வந்தவர் இல்லை. மறுநாள் ஒரு போன் வந்தது, பணம் கொடுத்தால் எடுத்துவிடுகிறோம் என்று. நல்லதைப் போட ஒரு விலை, கெட்டதை எடுக்க ஒரு விலை. நல்ல வேளையாக அவள் பணம் கொடுக்கவில்லை. எட்டையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும், “தாங்கள் எங்களிடம் வந்ததாகப் பதிவேட்டில் இல்லை, வந்த நாளைத் தெரிவியுங்கள்” என்று மரியாதையாக ஒரு பதில் போட்டாள். கூகுள் நிறுவனத்துக்கும் புகார் செய்தாள். ஐந்து நீங்கின, மூன்று இன்னும் இருக்கின்றன. மிரட்டிப் பணம் கேட்ட போனுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். மாமனார் எதிர்க்கடைக்காரனைப் போல நூறு வாங்கியிருந்தால் எந்த முகத்தோடு புகார் கொடுப்பது?

இந்தப் பொய்களை எழுதுகிறவர்கள் யார் என்ற கேள்விக்கும் நம் வீதியிலேயே விடை கிடைத்தது. எங்கள் லோடுமேன் ஒருவரின் மகனுக்கு செல்போனில் செய்தி வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை, ஓட்டலுக்கும் அழகு நிலையத்துக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று. மூன்று போட்டான், 150 ரூபாய் வந்தது. பிறகு டெலிகிராமில் ஒரு கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு, “பெரிய டாஸ்க்” என்று முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டியது திரும்ப வர இன்னும் கட்டு என்றார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்தது வரை போய், 38,000 ரூபாய் போன பிறகு வீட்டில் சொன்னான். நாடு முழுவதும் இதே முறையில் லட்சக்கணக்கில் இழந்தவர்கள் இருக்கிறார்கள். நட்சத்திரம் போடுவது அங்கே தூண்டில் புழுதான். பணம் போனவுடன், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் 1930க்குச் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. அவன் பயந்து ஒன்பது நாள் சொல்லாமல் இருந்துவிட்டான். கடைப் பையன்களிடம் இதை ஒவ்வொரு முதலாளியும் சொல்லி வையுங்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலிக் கருத்தை விற்பதும் வாங்குவதும் தடை. கம்ப்யூட்டர் எழுதிய போலிக் கருத்துக்கும் அது பொருந்தும். தெரிந்தே மீறினால் ஒவ்வொன்றுக்கும் 50,000 டாலருக்கு மேலேயே அபராதம் போட முடியும். இங்கிலாந்தில் 2025 ஏப்ரலிலிருந்து தடை. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரவிதியைக் கொண்டுவந்தது. கருத்து எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று மின்னஞ்சல், போன், குறுஞ்செய்தி மூலம் சரிபார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். எடைக்கல்லுக்கு முத்திரை விருப்பம்போல என்று வைத்திருந்தால் நாட்டில் எத்தனை தராசு நேராக நின்றிருக்கும்? இதை நாம் மத்திய அரசுக்கு எழுத வேண்டும். 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை தண்டம் போட மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. காசு கொடுத்து எழுதிய கருத்தும் விளம்பரம்தானே என்பது என் எண்ணம்.

ஏமாந்தவர்களுக்கு ஒரு தகவல். 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நான் போட்டிருக்கிறேன். அந்தப் பதினொரு பேரில் இருவரும் தங்கள் ஊர்களில் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார் எங்கள் கணக்குப்பிள்ளை.

இரண்டாவது ஏஜென்சியைப் பற்றி நானே ஒரு கருத்து எழுதினேன். வாழ்நாளில் முதல் கருத்து. எந்த மாதம், என்ன ஆபரேஷன், எத்தனை வாரம், கொடுத்த பணம், திரும்பி வந்த மீதி எல்லாம் எழுதி, டிவி சத்தத்தையும் எழுதி, நான்கு நட்சத்திரம் போட்டேன். இரண்டாம் நாள் அவர்களிடமிருந்து போன். “ஐயா, எல்லாம் நன்றாகத்தானே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு நட்சத்திரத்தையும் போட்டுவிடுங்களேன்” என்றார்கள். நான்கு போட்டிருப்பதால்தான் உங்களை நாலு பேர் நம்புவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்குத் திருப்தி இல்லை. நான் மாற்றவும் இல்லை.

வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். நம் சங்க உறுப்பினர்கள் தங்கள் கடைக்கோ குடும்பத்தார் நடத்தும் கடைக்கோ கருத்துகளைக் காசுக்கு வாங்குவதில்லை. தள்ளுபடி, பரிசு கொடுத்து எழுதச் சொல்வதுமில்லை. இது கூகுள் நிறுவனத்தின் விதிக்கே விரோதம் என்பது பலருக்குத் தெரியாது. போட்டிக் கடைக்கு எதிராக எழுத வைப்பதில்லை. எவராவது ஓர் உறுப்பினருக்கு ஒற்றை நட்சத்திர மிரட்டல் வந்தால் சங்கமே முன்நின்று புகார் கொடுக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெயரைக் கேட்கப்போவதில்லை, இனி வாங்காமல் இருந்தால் போதும். எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். மேலே சொன்ன அழகு நிலையத்துப் பெண்ணின் மாமனாரே என்னிடம் கேள்வி கேட்டவர். அவர் இப்போது தீர்மானத்தை வழிமொழிய ஒப்புக்கொண்டிருக்கிறார். நகலைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் பொதுக்குழுவுக்கு முன் சங்க அலுவலகத்தில் எழுதித் தரலாம்.